தூண் கள்ளிக்கு முதலில் ஜன்னலைத் தேடுங்கள்

வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு ஏற்ற செடி எது என்று கேட்டால், பலரும் கள்ளியைத்தான் காட்டுவார்கள். ‘தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது’ என்பதுதான் அதற்கு நாம் கொடுத்திருக்கும் நற்சான்றிதழ். அந்த நம்பிக்கையில்தான் புதிய கொண்டோவுக்குக் குடிபோகும் இளம் தம்பதிகள் ஆளுயரத் தூண் கள்ளி ஒன்றை வாங்கிவந்து, சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே நிறுத்துகிறார்கள். சில மாதங்கள் அது கம்பீரமாக நிற்கும். பிறகு உச்சி மட்டும் வெளிறி, மெலிந்து, பென்சில் முனை போல நீளத் தொடங்கும். ‘பரவாயில்லையே, வளர்கிறதே!’ என்று நாம் மகிழ்கிற நேரத்தில், அந்தச் செடி பட்டினியில் கிடக்கிறது.

வானொலியில் வீட்டுச் செடிகள் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளில் கள்ளிக்கென்று ஒரு கேள்வி எப்போதும் இருக்கும்: “வாரத்துக்கு எத்தனை தடவைங்க தண்ணி ஊத்தணும்?” நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “எங்கள் வீட்டில் எந்த ஜன்னலில் வெயில் விழுகிறது?” கள்ளி தாகத்தைத் தாங்கும். இருட்டைத் தாங்காது. தூண் கள்ளி வளர்ப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

வெப்பமான தீவிலிருந்து வந்த விருந்தாளி

நம் நர்சரிகளில் தூண் கள்ளி என்று அதிகம் விற்கப்படுவது செரியஸ் இனம். நீலம் கலந்த பச்சை நிறம், ஐந்து முதல் ஒன்பது வரையிலான மடிப்பு விளிம்புகள், விளிம்பு நெடுகக் கொத்துக் கொத்தாக முள். பெயர்ச்சீட்டில் ‘செரியஸ் பெருவியானஸ்’ என்று எழுதியிருக்கும். பெயரில் பெரு நாடு இருந்தாலும் செடியின் ஊர் அது அல்ல. இந்தப் பெயரில் வருபவற்றில் முக்கியமான செரியஸ் ரெபாண்டஸ், வெனிசுவேலாவின் வடகரையிலும் அதற்கு எதிரே கரிபியன் கடலில் உள்ள குராசாவோ, அரூபா தீவுகளிலும் இயற்கையாக வளர்வது. குராசாவோ மக்கள் இதைக் ‘கடூஷி’ என்பார்கள். முள்ளை நீக்கி, சதையை இடித்து, மீனோ இறைச்சியோ சேர்த்து சூப் வைத்துக் குடிப்பார்கள். திறந்த வெளியில் இது பத்து மீட்டர் வரை உயரும். இரவில் வெள்ளைப் பூ விரியும். வௌவால்கள் தேன் குடிக்க வந்து மகரந்தத்தைச் சுமந்து போகும். காலையில் பூ வாடிவிடும்.

இந்தத் தீவின் பருவநிலையை நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வளர்ப்பு முறையில் பாதி புரிந்துவிடும். குராசாவோவும் நம்மைப் போலவே வெப்பமான ஊர். இரவிலும் வெக்கைதான். கடல் சூழ்ந்த தீவு என்பதால் காற்றில் ஈரப்பதமும் உண்டு. ஆகவே ‘நம் ஊர் வெக்கையில் கள்ளி தாங்குமா?’ என்று கவலைப்பட வேண்டியதில்லை. வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது மழை: அங்கே ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 550 முதல் 600 மில்லிமீட்டர்; கோலாலம்பூரில் அது 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும். இரண்டாவது காற்று: அங்கே கடற்காற்று ஆண்டு முழுவதும் வீசி மண்ணை உலர்த்திவிடும். மூன்றாவது வெயில்: அங்கே செடிக்கும் சூரியனுக்கும் நடுவே கூரை கிடையாது.

வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் மழைப் பிரச்சினை தீர்ந்தது. காற்றை ஒரு மின்விசிறி கொடுத்துவிடும். மிஞ்சுவது வெயில். அதை மட்டும் வீட்டுக்குள் எளிதில் உண்டாக்க முடியாது.

‘தெற்கு ஜன்னல்’ நமக்குப் பொருந்தாது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செடி வளர்ப்புக் குறிப்புகளில் ஓர் அறிவுரை தவறாமல் வரும்: கள்ளியைத் தெற்கு பார்த்த ஜன்னலில் வையுங்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் அது சரி. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் இருக்கும். நாமோ நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 3 பாகை வடக்கில் இருக்கிறோம். மார்ச் இறுதியில் சூரியன் கோலாலம்பூரின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அப்போதிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. மீதி மாதங்களில் தெற்கே. அதாவது தெற்கு ஜன்னலில் வைத்த கள்ளிக்கு ஆண்டில் பாதி நாள் நேரடி வெயிலே கிடைக்காது.

வெயில் விழும் மாதங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நண்பகலில் சூரியன் மிக உயரத்தில் இருப்பதால், வடக்கு, தெற்கு ஜன்னல்களில் அதன் ஒளி விளிம்போடு நின்றுவிடும். மாடி வீடுகளில் மேல்வீட்டு பால்கனியின் தளம் அதையும் மறைத்துவிடும்.

நமக்கு ஏற்றவை கிழக்கும் மேற்கும்தான். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால் ஒளி சாய்வாக அறைக்குள் நுழையும். இரண்டில் ஒன்று என்றால் கிழக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பருவமழை மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நம் ஊரில் பிற்பகலில்தான் மேகம் திரண்டு இடி மழை கொட்டும். காலை வெயிலை ஓரளவு நம்பலாம். மேற்கு ஜன்னல் மட்டுமே இருக்கிறது என்றாலும் கவலையில்லை. மாலை வெயிலின் சூட்டைச் செரியஸ் தாங்கிக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது நேரடி வெயில் உடம்பில் பட வேண்டும். ஆறு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ‘ஹால் நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது?’ என்று நம் கண் சொல்லும். அதை நம்பிவிடக்கூடாது. மங்கலான இடத்துக்கும் பழகிக்கொள்ளும் உறுப்பு அது. வெட்டவெளியில் உச்சி வெயிலின் ஒளி அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். விளக்குகள் எரியும் அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். இரவில் விளக்குப் போட்ட வரவேற்பறையில் அதுவும் இருக்காது. திறன்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒளிமானிச் செயலி துல்லியமானதல்ல. ஆனால் ஜன்னலோரத்தையும் சோபா மூலையையும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். மூன்று மீட்டர் உள்ளே நகர்ந்ததும் எண் எப்படிச் சரிகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், கள்ளியை மூலையில் நிறுத்த மனம் வராது.

ஜன்னலே வாய்க்காத வீட்டில் செடிகளுக்கென்று விற்கப்படும் எல்இடி விளக்கு உதவும். செடியின் உச்சியிலிருந்து ஒரு முழத்துக்குள் விளக்கு இருக்க வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியலாம். இரவில் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. தூண் கள்ளியோ பகல் சூட்டில் நீர் ஆவியாகிவிடாமல் இருக்கத் தன் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. இருட்டிய பிறகே அவற்றைத் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாக்கிச் சேமிக்கிறது. மறுநாள் வெயில் வந்ததும் அந்தச் சேமிப்பைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அதற்கு இரவு இரவாகவும் பகல் பகலாகவும் இருக்க வேண்டும். நம் வரவேற்பறை மூலையில் அரைகுறை வெளிச்சமே நாள் முழுவதும் நீடிக்கிறது.

அது எழுதி வைக்கும் குறிப்பு

வெளிச்சம் குறைந்தால் மற்ற செடிகள் இலையை உதிர்க்கும். பிறகு வெயில் கண்டால் புது இலை விடும், பழையது மறந்துபோகும். தூண் கள்ளிக்கு அந்த வசதி இல்லை. அதன் தண்டே இலையின் வேலையையும் செய்கிறது. ஒளி போதாத மாதங்களில் வளர்ந்த பகுதி மெலிந்தே இருக்கும். பிறகு எவ்வளவு வெயில் கிடைத்தாலும் அந்தப் பகுதி தடிக்காது. அதற்கு மேலே வளர்வது மட்டும் பழைய பருமனில் வரும். இடையில் கழுத்து நெரித்தது போல ஒரு சுருக்கம் நிரந்தரமாக நின்றுவிடும். நர்சரியில் தூண் கள்ளி வாங்கும்போது அடியிலிருந்து உச்சி வரை கண்ணை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் மெலிந்திருக்கிறதோ, அந்தக் காலத்தில் யாரோ அதை இருட்டில் வைத்திருந்திருக்கிறார்கள்.

இந்தச் சுருக்கம் வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. மெலிந்த கழுத்துக்கு மேலே தடித்த பகுதி வளர்ந்தால் உச்சி கனத்துவிடும். முள்ளோடு கூடிய நான்கடித் தூண் ஒன்று, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சாய்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெயிலைக் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். நிழலில் பழகிய கள்ளியை ஒரே நாளில் கொதிக்கும் பால்கனிக்கு மாற்றினால் தோல் வெந்து, வெளிறிய திட்டு விழும். அந்தத் தழும்பும் போகாது. முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று மூன்று வாரங்களில் பழக்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் தூண் ஒரு பக்கமாகச் சாயாமல் நேராக வளரும்.

சாத்தே குச்சி வைத்தியம்

இனி நேயர்களின் கேள்விக்கு வருவோம். வாரத்துக்கு எத்தனை தடவை? நாள் கணக்கு பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். ஒரு சாத்தே குச்சியைச் சட்டியின் ஓரமாக அடி வரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால் மேலும் இரண்டு மூன்று நாள் பொறுத்து ஊற்றுங்கள். நல்ல வெயில் விழும் ஜன்னலில், சிறிய மண் சட்டியில் இருக்கும் கள்ளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படலாம். மங்கலான அறையில், பெரிய நெகிழிச் சட்டியில் என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வெளிச்சம் குறைந்தால் குடிக்கும் வேகமும் குறையும். அப்போது அதிகம் ஊற்றினால் வேர் அழுகும்.

ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். தினமும் ஒரு கரண்டி தெளிப்பதுதான் கள்ளியைக் கொல்லும் வழி. மண் முழுவதும் நனைந்து, அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடும் வரை ஊற்றுங்கள். பிறகு முழுவதும் காயும் வரை தொடாதீர்கள். பாலைநில மழை அப்படித்தான் பெய்கிறது. தண்டின் மடிப்பு விளிம்புகளும் அதற்காகவே அமைந்தவை: நீர் கிடைத்தால் அக்கார்டியன் துருத்தி போல விரியும், வறண்டால் சுருங்கும். மடிப்புகள் இலேசாக ஒடுங்கியிருந்தால் தாகம் என்று பொருள். அது ஆபத்தில்லை. ஆனால் அடித்தண்டு மெத்தென்று, பழுப்பாக, அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் அழுகல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வயதான கள்ளியின் அடிப்பகுதி மரப்பட்டை போலப் பழுப்பாக மாறுவதும் உண்டு; அது கெட்டியாக இருந்தால் முதுமைதான், நோயில்லை.

சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டிவிடுங்கள். வேர் அழுகாமல் இருப்பதற்காக மட்டுமல்ல. ஏடிஸ் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறந்து போக ஒரு வாரம் ஏழெட்டு நாள் போதும். டிங்கி காய்ச்சல் ஓயாத நாட்டில் பூச்சட்டித் தட்டு என்பது சின்ன விஷயம் அல்ல. வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் வரும்.

மண்ணும் சட்டியும்

நர்சரியில் பையில் விற்கும் கறுப்பு மண், கீரைக்கும் பூச்செடிக்கும் ஏற்றது. அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கள்ளிக்கு அதுவே எமன். அந்த மண்ணில் ஒரு பங்கு எடுத்தால், பியூமிஸ் கல், பெர்லைட், கழுவிய ஆற்று மணல், உடைத்த செங்கல் சில்லு இவற்றில் கிடைப்பதை ஒன்று அல்லது இரண்டு பங்கு சேருங்கள். கடற்கரை மணல் ஆகாது. உப்பு வேரை வாட்டும். கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். அதுவே சரியான பதம்.

சட்டி மண்ணாலானதாக, மெருகு பூசாததாக இருந்தால் பக்கவாட்டிலும் ஈரம் காயும். கனமும் இருக்கும் என்பதால் தூண் சாயாது. தண்டின் பருமனைவிட இரண்டு மூன்று விரற்கடை அகலம் போதும். ‘வளரட்டுமே’ என்று பெரிய சட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி நாறும். அடியில் துளை இல்லாத அலங்காரச் சட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சட்டி மாற்றினால் போதும். முள்ளுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. படித்து முடித்த இந்த ஞாயிறு மலரையே நீளமாக, கெட்டியாக மடித்துத் தண்டைச் சுற்றி வாராகப் பிடித்துத் தூக்கலாம். உயரமான செடி என்றால் இன்னொருவர் உச்சியைப் பிடித்துக்கொள்ளட்டும். சட்டி மாற்றிய பிறகு ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அறுபட்ட வேர் ஆறட்டும். உரம் என்றால், தழைச்சத்து குறைந்த திரவ உரத்தைச் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கொடுத்தால் போதுமானது.

மடிப்புகளுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரங்கள் தொடர வேண்டும். நீல நிறக் கள்ளிகளில் மட்டும் கவனம்: அந்த நீலம் தோல்மேல் படிந்த மெழுகுப் பூச்சு. அழுத்தித் தேய்த்தால் அழிந்துவிடும்.

மலையிலிருந்து இறங்கி வரும் கள்ளி

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களின் காரில் ஸ்ட்ராபெர்ரி, தேயிலை, சோளம் இவற்றோடு ஒரு கள்ளிச் சட்டியும் இருப்பது வழக்கம். பிரிஞ்சாங் வட்டாரத் தோட்டங்களில் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அங்கே அவை மழை படாத, ஒளி ஊடுருவும் கூரையின் கீழ், குளிர்ந்த இரவில் வளர்ந்தவை. கூலிம் வீட்டுக்கோ கிள்ளான் வீட்டுக்கோ வந்ததும் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுகின்றன. ஆகவே எந்த வகையை எடுப்பது என்பது முக்கியம்.

உடம்பெல்லாம் வெள்ளை மயிர் போர்த்திய தூண் கள்ளிகள் கண்ணைப் பறிக்கும். அவற்றுள் ஓரியோசெரியஸ் போன்றவை ஆண்டிஸ் மலையின் உயரத்திலிருந்து வந்தவை. குளிர் இரவுக்குப் பழகியவை. நம் சமவெளி வெக்கையில் அவற்றைக் காப்பாற்றுவது கடினம். செரியஸ் அப்படியல்ல, அது சூடான தாழ்நிலத்துச் செடி. பிரேசிலின் நீலநிறப் பைலோசோசெரியஸும் வெப்பம் தாங்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் போதும்.

வாங்குவதற்கு முன் தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேர் சரியில்லை. உச்சியில் காகிதம் போன்ற சிவப்பு, மஞ்சள் பூ இருந்தால் அடியைக் கவனியுங்கள். பசை தெரிந்தால் அது உலர்ந்த வேறு பூவை ஒட்டியது. மண்ணின் மேலே கூழாங்கற்களைப் பசையால் இறுக்கியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் பெயர்த்துவிடுங்கள். இல்லையென்றால் மண் காய்ந்ததா என்பதே தெரியாது.

எல்லாக் கள்ளியும் கள்ளியல்ல

நர்சரிகளில் ‘கக்தூஸ்’ என்ற பெயரில் நிற்கும் உயரமான செடிகளில் பல, கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்ல. அவை யூபோர்பியா, தமிழில் சொன்னால் பால் வடியும் கள்ளிகள். ஒரு வேடிக்கை என்னவென்றால், தமிழில் ‘கள்ளி’ என்ற சொல் முதலில் இவற்றுக்குத்தான் உரியது. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்த காக்டஸ் அல்ல. தமிழ்நாட்டுக் காட்டில் தானே வளரும் சதுரக்கள்ளி ஒரு யூபோர்பியா. நம் தாத்தா பாட்டிகள் வேலியோரம் பார்த்ததும் பெரும்பாலும் அதுதான்.

அடையாளம் காண்பது எளிது. காக்டஸில் முள்கள் ஒரு சிறு பஞ்சுப் பொட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். யூபோர்பியாவில் பஞ்சு இருக்காது. முள்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக விளிம்பில் நிற்கும். கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவி, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சிறு பிள்ளைகளும் பூனையும் இருக்கும் வீட்டில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டும்போதுதான் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பாட்டி சொல்வதும் சரிதான்

‘முள் செடியை வீட்டுக்குள்ள வைக்காதம்மா, சண்டை வரும்’ என்று பெரியவர்கள் சொல்லாத வீடு குறைவு. வாஸ்துவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பாட்டியோடு வாதாடத் தேவையே இல்லை. அவர் கேட்பது முள் செடி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது; கள்ளி கேட்பதும் கிட்டத்தட்ட அதுவே. மேலே தளம் மறைத்து, மழைச் சாரல் அதிகம் அடிக்காத, காலை வெயில் விழும் பால்கனி கிடைத்தால் இருவருக்கும் மகிழ்ச்சி. சட்டி தரையில் இருக்கட்டும். மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவரின் மேல் எந்தச் சட்டியையும் வைக்காதீர்கள். கீழே நடப்பவர்களின் உயிர் அது.

இளையவர்களிடம் வேறு நம்பிக்கைகள் உண்டு. கணினிக்குப் பக்கத்தில் கள்ளி வைத்தால் கதிர்வீச்சை உறிஞ்சும் என்பது அவற்றில் ஒன்று. அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. படுக்கையறைக் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்பதும் மிகைதான். நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. காற்று வந்துபோகும் ஒரு வீட்டில் ஓரிரு செடிகள் அந்த வேலையைச் செய்துவிடாது. அப்படி ஒரு பயனும் இல்லாமலேயே ஒரு செடியை வளர்க்கலாம், தவறில்லை.

மெலிந்துபோனதை மீட்க முடியும்

உங்கள் வீட்டுத் தூண் கள்ளி ஏற்கெனவே பென்சில் முனையாகிவிட்டதா? தூக்கி எறிய வேண்டாம். முதலில் அதை வெயிலுக்குப் பழக்குங்கள். சில வாரம் கழித்து, மெலிந்த பகுதிக்குக் கீழே, பருமன் சரியாக இருக்கும் இடத்தில், ஆல்கஹாலால் துடைத்த கத்தியால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். வெட்டிய முகம் வெண்மையாக, கறையில்லாமல் இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளி தெரிந்தால் அழுகல் உள்ளே ஏறியிருக்கிறது. சுத்தமான சதை வரும் வரை இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.

சட்டியில் நிற்கும் அடித்தண்டின் காயம் காயட்டும். அதுவரை தலையில் தண்ணீர் படக்கூடாது. சில மாதங்களில் விளிம்பிலுள்ள பஞ்சுப் பொட்டுகளிலிருந்து புதுத் தளிர் ஒன்றோ இரண்டோ புறப்படும். வெட்டிய துண்டையும் நடலாம். அதன் அடிமுனை விளிம்புகளைப் பென்சில் சீவுவது போலச் சற்றுச் சரித்துச் சீவி, நிழலில், மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் காயம் தோல் போல இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அவசரப்பட்டு நட்டால் அழுகும். பிறகு காய்ந்த மண்ணில் மூன்று விரல் ஆழம் நட்டு, ஒரு கழியோடு கட்டுங்கள். இரண்டு வாரம் கழித்தே முதல் தண்ணீர். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும் நாளில் வேர் விட்டது என்று பொருள்.

இப்படித் துண்டு நட்டுப் பெருக்குவது எளிது என்பதால்தான் செரியஸ் மலிவாகக் கிடைக்கிறது. காட்டிலிருந்து அதைப் பிடுங்க வேண்டிய தேவை இல்லை. எல்லாக் கள்ளிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2015இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 1,478 கள்ளி இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 31 விழுக்காடு அழிவின் ஆபத்தில் இருப்பதாகக் கூறியது. அலங்காரத்துக்காகவும் சேகரிப்புக்காகவும் காட்டுச் செடிகளைப் பிடுங்குவது அதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஏறக்குறைய எல்லாக் கள்ளிகளும் சைட்ஸ் எனும் அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. மலேசியாவில் அதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆகவே இணையத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து ‘அரிய வகை, வயது முதிர்ந்தது’ என்று அனுப்பத் தயாராக இருந்தால், அனுமதிப் பத்திரம் கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம். உள்ளூர் நர்சரியில் துண்டு நட்டு வளர்த்த செடி நமக்குப் போதும்.

ஒரு நாற்காலிச் சோதனை

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? கடைக்குப் போகும் முன் ஒரு சனிக்கிழமை இதைச் செய்து பாருங்கள். கள்ளியை நிறுத்த நினைக்கும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போடுங்கள். காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொருமுறை பார்த்து, நாற்காலியின் மேல் வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம்.

நான்கு கட்டங்களாவது நிறைந்தால் தூண் கள்ளிக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. நேரடி வெயில் இல்லை, நல்ல வெளிச்சம் மட்டும் உண்டு என்றால், நம் அம்மாக்கள் பிரம்ம கமலம் என்றும் மலாய்க்காரர்கள் ‘பாக்காவாலி’ என்றும் அழைக்கும் செடியை வையுங்கள். இரவில் மணக்கும் அந்தச் செடியும் காக்டஸ்தான். மழைக்காட்டு மரக்கிளைகளில் வளர்வது என்பதால் நம் ஊர் ஈரமும் நிழலும் அதற்குப் பழக்கம். வெளிச்சமும் குறைவு, ஆனால் உயரமாக நிமிர்ந்து நிற்கும் செடிதான் வேண்டும் என்றால், மாமியார் நாக்கு என்று கேலியாகச் சொல்லும் பாம்புச் செடி இருக்கிறது. சோபா மூலையை அது குறையின்றி நிறைக்கும்.

நாற்காலியில் வெயில் விழுந்தால் தயங்காமல் வாங்குங்கள். முழங்கால் உயரத்துக்குச் சிறியதாக, அடி முதல் உச்சி வரை ஒரே பருமனாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நல்ல வெயிலில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அடி வளரும். இன்று பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளை படிவம் ஐந்தை முடிக்கும்போது, கூரையைத் தொடுகிறதே, எங்கே வெட்டுவது என்று வீட்டில் எல்லாரும் கூடிப் பேச வேண்டியிருக்கும்.